பட்டியல் வேலையை வெளியே கொடுக்கும் முன்னும் பின்னும்

நூற்பட்டியல் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்தால் நூலகருக்கு மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். இந்தத் தயக்கத்துக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1901ஆம் ஆண்டிலேயே அச்சிட்ட பட்டியல் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. அந்த அட்டையை வாங்கி இழுப்பறையில் செருகிய ஒவ்வொரு நூலகரும் தன் பட்டியல் வேலையில் ஒரு பங்கை வெளியே கொடுத்தவர்தான். 1967இல் ஒகையோ மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து ஓ.சி.எல்.சி. அமைப்பைத் தொடங்கின, 1971இல் அதன் கணினிப் பட்டியல் இயங்க ஆரம்பித்தது. ஒரு கல்லூரி எழுதிய பதிவை இன்னொரு கல்லூரி எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், நூல் அச்சகத்தை விட்டு வெளிவரும் முன்பே அதன் பகுப்பெண்ணும் பட்டியல் குறிப்பும் ஒரே மையத்தில் தயாராகிவிட வேண்டும் என்று பிற்காலத்தில் வாதாடினார். ஒரே நூலுக்கு நூறு கல்லூரிகளில் நூறு பேர் உட்கார்ந்து பட்டியல் எழுதுவது வீண் என்பதை அவர் அன்றே சொல்லிவிட்டார்.

நம் கல்லூரிகளிலோ இந்தப் பேச்சு வேறு காரணத்துக்காகத்தான் எழும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரப்போகிறது; நான்காம் அளவுகோலில் நூலகம் கணினிமயமாகிவிட்டதா என்று கேட்பார்கள். நாற்பதாயிரம் நூல்களில் பாதி இன்னும் அக்சஷன் ரிஜிஸ்டரில் மட்டுமே இருக்கின்றன. முதல்வர் அழைத்து, “யாராவது ஒரு கம்பெனிக்குக் கொடுத்து முடித்துவிடுங்கள் சார்” என்கிறார். அந்த அவசரத்தில் எழுதப்படும் ஒப்பந்தத்தில் எத்தனை பதிவு, எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்ற மூன்று கணக்குகள் இருக்கும். எப்படிப்பட்ட பதிவு என்ற நான்காவது இருக்காது. பின்னால் வரும் தொல்லைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அதனால் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலாக்கம் தெரிந்த ஒருவர், ஒரே ஒருவராவது, உங்கள் நூலகத்தில் இருந்தால் வேலையை வெளியே கொடுங்கள். ஒருவரும் இல்லையென்றால் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு உதவி நூலகரைப் பயிற்சிக்கு அனுப்பி, ஆறு மாதம் கழித்து ஒப்பந்தம் போடுங்கள். பிழையைப் பார்த்தவுடன் பிழை என்று சொல்லத் தெரிந்த கண் உள்ளே இல்லாத இடத்தில், வெளியிலிருந்து எவ்வளவு நல்ல நிறுவனம் வந்தாலும் வேலை தேறாது.

இரண்டு அமெரிக்க அனுபவங்கள்

ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகில் உள்ள ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1993இல் தன் பட்டியல் பிரிவையே மூடிவிட்டு, முழு வேலையையும் ஓ.சி.எல்.சி.யின் டெக்புரோ சேவையிடம் ஒப்படைத்தது. பட்டியலாளர்கள் கொதித்தார்கள், கட்டுரைகளும் மறுப்புகளும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. அந்த நூலகத்தை நடத்திய ஆர்னால்ட் ஹிர்ஷான், பார்பரா வின்டர்ஸ் என்பவருடன் சேர்ந்து 1996இல் இதற்கென்றே ஒரு செய்முறைக் கையேட்டை எழுதி வெளியிட்டார். இந்தக் கதையைச் சொல்லி, “அவர்களே மூடிவிட்டார்கள், நமக்கென்ன?” என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் வேலையைக் கொடுத்தது அதே மாநிலத்தில் இருந்த, பட்டியலாளர்களாலேயே நடத்தப்பட்ட, உலகின் மிகப் பெரிய பட்டியல் தரவுத்தளத்தைத் தன் கையில் வைத்திருந்த ஓர் அமைப்பிடம். நம் ஊரில் விலைப்புள்ளி கொடுக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றிடம் இருப்பவை நான்கு மடிக்கணினிகளும் ஓர் இணைய இணைப்பும்தான்.

இன்னொன்று ஹவாய் மாநிலத்தில் நடந்தது. அது கல்லூரி நூலகமல்ல, பொது நூலகத் துறை. ஆனால் கட்டணம் பேசப்போகும் எவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996இல் நூல் தேர்வு, பட்டியல், உறையிடுதல் எல்லாவற்றையும் சேர்த்து பேக்கர் அண்ட் டெய்லர் நிறுவனத்திடம் விட்டார்கள். எந்த நூலானாலும் ஒன்றுக்கு 20.94 டாலர் என்று ஒரே விலை. ஒரே விலை என்றால் மலிவான நூலில்தான் விற்பவருக்கு லாபம். கிளை நூலகங்களுக்கு வேண்டாத நூல்களும் மெல்லிய மலிவுப் பதிப்புகளும் வருகின்றன என்று நூலகர்கள் புகார் செய்தார்கள். 1997இல் ஒப்பந்தம் ரத்தானது. நூல் தேர்வை வெளியாரிடம் விடக் கூடாது என்று சட்டமன்றம் சட்டமே போட்டது.

ஒரே விலை என்ற பொறி நம்மூர் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. கட்டணப் பகுதியில் அதை விரிவாகப் பார்ப்போம்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

உலகச் சந்தையில் விற்கும் ஆங்கிலப் பாடநூல்களைத் தயங்காமல் கொடுக்கலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால் இசட்39.50 வழியாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்தோ வேறு பல்கலைக்கழகத்திலிருந்தோ ஆயத்தப் பதிவு வந்துவிடும். பொறியியல், மருத்துவக் கல்லூரிகளின் இருப்பில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். இதைக் கொஹா நூலக மென்பொருளில் உங்கள் ஆட்களே செய்துவிடலாம். ஆள் இல்லாவிட்டால் வெளியே கொடுப்பதில் தவறில்லை.

இந்தியப் பதிப்பாளர்களின் தேர்வு வழிகாட்டிகள், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்காக அச்சான நூல்கள், 1970க்கு முந்தைய ஆங்கில நூல்கள் ஆகியவற்றுக்கு ஆயத்தப் பதிவு பாதிக்குத்தான் கிடைக்கும். மீதியைப் புதிதாக எழுத வேண்டும். நூலகவியல் படித்த ஆட்களை அனுப்பும் நிறுவனமாக இருந்தால் கொடுக்கலாம்.

கொடுக்கக் கூடாதவை மூன்று. முதலாவது, உங்கள் கல்லூரியின் முனைவர் பட்ட, இளமுனைவர் பட்ட ஆய்வேடுகள். அவற்றின் பொருள்தலைப்பை நெறியாளரிடமோ துறையிடமோ ஒரு வார்த்தை கேட்டுத்தான் எழுத முடியும். இரண்டாவது, அரிய நூல்களும் ஓலைச்சுவடிகளும். அவற்றை மூட்டை கட்டி வெளியே அனுப்பும் பேச்சே வேண்டாம். மூன்றாவது, பெயர்க் கட்டுப்பாட்டுப் பட்டியல். எந்த எழுத்தாளரின் பெயரை எந்த வடிவில் எழுதுவது என்ற முடிவு நூலகத்தின் கையில்தான் இருக்க வேண்டும்.

மின்னூல் தொகுப்பு வாங்கும்போது விற்பனையாளர் மொத்தமாகக் கொடுக்கும் மார்க் பதிவுகளும் வெளியே கொடுத்த பட்டியல் வேலைதான். பலர் அப்படி எண்ணுவதில்லை. வந்ததை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். சந்தா முடிந்த பிறகும் அந்தப் பதிவுகள் தேடலில் வந்து மாணவரை அலைக்கழிக்கும். ஏற்றும்போதே ஒரு குறியிட்டு வையுங்கள். நீக்கும் நாளில் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

ஒப்பந்தத்துக்கு முந்தைய வேலை

முதலில் இருப்புச் சரிபார்ப்பு. இல்லாத நூலுக்குப் பதிவு எழுதக் கூலி கொடுப்பது இங்கே அதிகம் நடக்கும் வீண்செலவு. நிறுவனத்தின் ஆட்கள் அலமாரியைப் பார்ப்பதில்லை. அக்சஷன் ரிஜிஸ்டரை வைத்துத் தட்டிவிடுகிறார்கள். 1984இல் தொலைந்த நூல் கணினியில் ‘இருப்பில் உள்ளது’ என்று நிற்கும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி இருபதாயிரம் நூல்கள் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு செய்யச் சொல்கிறது. ஐம்பதாயிரம் வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ஆண்டில் வழங்கியும் அங்கேயே பார்க்கக் கொடுத்தும் புழங்கிய ஆயிரம் நூலுக்கு ஐந்து வரை இழப்பு இயல்பானது என்று அதே விதி ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கல்லூரிக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், தணிக்கையாளரிடம் பேசும்போது எடுத்துக்காட்ட உதவும்.

அடுத்தது கழிப்பு. பழைய பாடத்திட்டத்துக்கு வாங்கிய நூல்களில் நாற்பது நாற்பது படிகள் தூசி படிந்து கிடக்கும். கழிக்கப்போவதைக் கழித்துவிட்டு மீதியை எண்ணுங்கள். ஒப்பந்தத் தொகை இதிலேயே கணிசமாகக் குறையும்.

மூன்றாவது, எழுதிய கொள்கைக் குறிப்பு. எட்டுப் பத்துப் பக்கம் போதும். எந்தப் பகுப்பு முறை, எந்தப் பதிப்பு; டூயி என்றால் பகுப்பெண்ணைப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கத்தோடு நிறுத்துவது; நூல் எண்ணை எப்படி அமைப்பது; ஏ.ஏ.சி.ஆர்.2 முறையா ஆர்.டி.ஏ.வா, மார்க் 21இல் எந்தெந்தப் புலங்கள் கட்டாயம். என் கணக்கில் 020, 041, 082, 100, 245, 250, 264, 300, 490, 650, 700 இவை நூலில் தகவல் இருக்கும்வரை கட்டாயம். கட்டுரைத் தொகுப்புகளுக்கு 505 என்ற உள்ளடக்கப் புலமும் வேண்டும் என்பேன். தொகுப்பு நூலின் பயன் அதன் உள்ளே இருக்கும் கட்டுரைகளில்தான் இருக்கிறது. நிறுவனங்கள் இதற்கு மறுப்புச் சொல்லும். தனிக் கட்டணம் கேட்கும். கொடுக்கலாம்.

இந்தக் குறிப்பை எழுத உட்காரும்போதுதான் நம் நூலகத்தில் எத்தனை வழக்கங்கள் வாய்மொழியாகவே ஓடுகின்றன என்பது புலப்படும். ‘ஆர்’ என்ற எழுத்து பார்வை நூலைக் குறிக்கிறதா, ராமசாமி அறக்கட்டளை கொடுத்த நூலைக் குறிக்கிறதா என்பது பழைய நூலகருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெறும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ் நூல்கள்

வெளியே கொடுத்த வேலை முறியும் இடம் பெரும்பாலும் இதுதான். ஆகவே இங்கே சற்று நிற்போம்.

பழைய தமிழ் நூல்களில் ஐ.எஸ்.பி.என். இருக்காது. புதியவற்றில் இருந்தாலும், ஒரே எண்ணை இரண்டு நூல்களுக்கு அச்சிட்ட சிறு பதிப்பகங்கள் உண்டு. எனவே எண்ணைத் தட்டிப் பதிவை இறக்கும் வித்தை இங்கே செல்லாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 1962 முதல் இந்திய நூல்களை வாங்கிப் பட்டியலிட்டு வருகிறது. தமிழ் நூல்களுக்கு அருமையான பதிவுகள் அங்கே உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ என்ற தலைப்பில் ‘செல்வன்’ அங்கே ஆங்கில ‘எஸ்’ எழுத்தில் தொடங்காது, ‘சி’யில் தொடங்கும், ன-வுக்கு வரும் எழுத்தின் அடியில் கோடு இருக்கும். நம் பி.ஏ. தமிழ் மாணவி அப்படித் தட்டித் தேடப் போவதில்லை. ஆயத்தப் பதிவை எடுத்தால் 880 என்ற இணைப்புலத்தில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம் ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் சேர்த்தே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் சேர்க்க மாட்டார்கள்.

எழுத்துரு அடுத்த சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி, எக்செல் தாளில் அடுக்கிக் கொடுப்பார்கள். அவர்கள் கணினியில் அழகாகத் தெரியும். கொஹாவில் ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பை வந்து நிற்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. யூனிகோடைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். யூனிகோடு என்று சொல்லி வாங்கியதிலும் ஒரு மறைமுகப் பிழை இருக்கும். ‘ஔவை’ என்பதை ஔ என்ற ஒரே எழுத்தால் தட்டாமல், ஒ, ள என்று இரண்டு எழுத்தாகச் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலில் ஒன்று மற்றொன்றைக் காட்டாது. ‘கௌதமன்’, ‘மௌனி’, ‘பௌத்தம்’ எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து. ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகக் குறியீடு பெறும். மாதிரித் தொகுதி வந்ததும் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள். கிடைக்கிறதா இல்லையா என்பதை வைத்தே தட்டச்சரின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

ஆண்டு. தமிழியக்கம் சார்ந்த பதிப்பகங்கள் பல, திருவள்ளுவர் ஆண்டை மட்டும் அச்சிடும். அதில் 31ஐக் கழித்தால்தான் பொது ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டு 2035 என்றால் 2004. இது தெரியாதவர் 264ஆம் புலத்தில் 2035 என்றே இடுவார். இன்னும் பழைய நூல்களில் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அது 1867ஆ, 1927ஆ, 1987ஆ என்பதைத் தாளையும் அச்சகத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதைத் தட்டச்சரின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ‘ஐயத்துக்குரியவை’ என்று ஒரு தட்டு வைத்து அதில் போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் உட்கார்ந்து தீர்த்துவிடலாம்.

பெயர். கல்கி என்றால் ரா. கிருஷ்ணமூர்த்தி; கல்கி என்றால் ஒரு வார இதழும்கூட. புதுமைப்பித்தன் தான் சொ. விருத்தாசலம். இந்திரா பார்த்தசாரதி ஆண். இந்திரா அவர் மனைவியின் பெயர். மேலைப் பெயர் முறைக்குப் பழகிய மென்பொருளும் அதற்குப் பழகிய தட்டச்சரும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எண்ணி முன்னால் தூக்கிப் போடுவார்கள். தலைப்பெழுத்து உள்ள பெயர்களில் அது தற்செயலாகச் சரியாக அமையும். புனைபெயரிலும் ஊர்ப்பெயர் சேர்ந்த பெயரிலும் குளறுபடியாகும். புனைபெயரை நூலில் உள்ளபடியே, முன்பின் மாற்றாமல் எழுதுவது. இயற்பெயரிலிருந்து ‘காண்க’ இணைப்புக் கொடுப்பது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதை ஒரே விதமாக வைத்துக்கொள்வது. இவற்றை முடிவு செய்து, உங்கள் இருப்பில் அதிகம் வரும் சில நூறு எழுத்தாளர்களின் பெயர்ப் பட்டியலை நீங்களே தயாரித்து நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்தால் விரைவில் முடியும்.

நூல் எண்ணில் நம் கல்லூரிகள் செய்யும் அலட்சியம் தனி ரகம். டூயியில் தமிழ்க் கவிதைக்கு 894.8111, நாடகத்துக்கு 894.8112, புனைகதைக்கு 894.8113. கதையும் நாவலும் நிறைந்த அலமாரிகளில் ஆயிரக்கணக்கான நூல்கள் 894.8113 என்ற ஒரே எண்ணோடு நிற்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அடுத்த வரியில் உள்ள ஆசிரியர் குறிதான். அதை ஆங்கில எழுத்தில் இடச் சொன்னால் ஜெயகாந்தன் ஒரு நூலில் ‘ஜே’யிலும் இன்னொன்றில் வேறு எழுத்திலும் போய் உட்காருவார். தமிழ் நூலுக்குத் தமிழ் எழுத்திலேயே குறியிடுங்கள்.

‘பதிப்பு’ என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். நம் பதிப்பாளர்கள் மறு அச்சையும் பதிப்பு என்றே போடுவார்கள். ‘பன்னிரண்டாம் பதிப்பு’ என்று இருந்தால் அது பெரும்பாலும் பன்னிரண்டாம் அச்சு. ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பதிவு எழுதி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்குவதற்கு இது நல்ல வழி. எப்போது புதுப் பதிவு, எப்போது பழைய பதிவில் இன்னொரு படி என்பதைக் கொள்கைக் குறிப்பில் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

கட்டணமும் ஒப்பந்தமும்

எல்லா நூலுக்கும் ஒரே கட்டணம் என்று பேசினால் என்ன ஆகும்? முதல் மாதத்தில் ஐ.எஸ்.பி.என். உள்ள ஆங்கில நூல்களையெல்லாம் கரும்புச் சாறு பிழிவதுபோல் பிழிந்து முடித்துவிட்டு, தொகையில் பெரும்பங்கை வாங்கிவிடுவார்கள். தமிழ் அலமாரியும் பழைய நூல்களும் கடைசியில் சக்கையாகக் கிடக்கும். அப்போது ஆட்கள் குறைவார்கள், தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். ஆகவே ஆயத்தப் பதிவு உள்ளது, ஆங்கிலத்தில் புதிதாக எழுதுவது, தமிழில் புதிதாக எழுதுவது, கூடுதல் படி சேர்ப்பது என்று நான்கு விகிதங்கள் வையுங்கள். கூடுதல் படிக்குத் தனி விகிதம் மிக அவசியம். ஒரு பாடநூலுக்கு நாற்பது படிகள் இருந்தால் பதிவு ஒன்று, படிக் குறிப்பு நாற்பது. இதை எழுதி வைக்காத நூலகங்களில் ஒரே நூல் நாற்பது பதிவுகளாகத் தேடலில் வரும். வேலையை அலமாரி வரிசையில்தான் முடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். எளியதை முதலில் பொறுக்கும் வழி அடைபடும்.

அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ என்றால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 குறுக்கே வரும். குறைந்த விலைக்காரருக்கே போக வேண்டும் என்பார்கள். இரண்டு உறை முறை அனுமதிக்கப்பட்டதுதான். தொழில்நுட்ப உறையில் ஒரு தேர்வு வையுங்கள். பத்துத் தமிழ் நூல்கள், பத்து ஆங்கில நூல்களின் முகப்புப் பக்கம், அதன் பின்பக்கம், உள்ளடக்கப் பக்கம் ஆகியவற்றின் படங்களைக் கொடுத்து மார்க் பதிவு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இருபதில் ஒரு திருவள்ளுவர் ஆண்டு, ஒரு புனைபெயர், ஒரு ஔகாரம் இருக்கட்டும். இதில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் இந்தப் பத்தியை இப்படியே சேர்க்கலாம்: “தயாரிக்கப்படும் எல்லாப் பதிவுகளும் நூலகத்தின் உடைமை. ஒவ்வொரு தொகுதியும் மார்க் 21 வடிவில், ஐ.எஸ்.ஓ. 2709 கோப்பாக, யூ.டி.எஃப்-8 குறியீட்டில் ஒப்படைக்கப்பட வேண்டும். வேறு தரவுத்தளங்களிலிருந்து பதிவுகளை எடுத்தால், அவ்வாறு எடுக்க உரிமை உண்டு என்பதற்கு நிறுவனமே பொறுப்பு.” கடைசி வரி வெறும் சம்பிரதாயமல்ல. பட்டியல் பதிவுகள் யாருடைய சொத்து என்பதற்காக 2022இல் ஓ.சி.எல்.சி., கிளாரிவேட் நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கே போட்டது. அதே ஆண்டு சமரசத்தில் முடிந்தது. தரவு உங்கள் கையில் முழுதாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹவாய்க் கதையில் வந்த பேக்கர் அண்ட் டெய்லர் 1828இல் தொடங்கிய நிறுவனம். அது 2025 அக்டோபரில் தொழிலையே மூடப்போவதாக அறிவித்தது. அந்த வயதுள்ள நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், சென்ற வருஷம் பதிவு செய்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் உங்கள் பட்டியலைப் பூட்டி வைப்பது எவ்வளவு துணிச்சல் என்று பாருங்கள்.

வரும் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் நூலகவியல் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள்தான் வருவார்கள். பதிவுக்கு இத்தனை ரூபாய் என்று அவர்களுக்கும் கூலி பேசியிருப்பார்கள். வேகத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால் பிழை வரத்தான் செய்யும். மாதச் சம்பளத்தில் ஆள் அனுப்ப வேண்டும், சொல்லாமல் ஆளை மாற்றக் கூடாது என்று கேட்டு வாங்குங்கள். உட்கார நல்ல நாற்காலியும் வெளிச்சமும் கொடுங்கள்.

சரிபார்ப்பு

முதல் இருநூறு நூல்களை மாதிரித் தொகுதியாக வைத்து, ஒவ்வொன்றையும் நீங்களே பாருங்கள். பிறகு ஆயிரம் ஆயிரமாகத் தொகுதி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐம்பதைக் குலுக்கலில் எடுத்துப் பாருங்கள். அக்சஷன் எண் மாறியது, தலைப்பில் எழுத்துப் பிழை, தவறான ஆசிரியர், தவறான பகுப்பெண், பொருள்தலைப்பே இல்லாதது ஆகியவை பெரும்பிழை. நிறுத்தக்குறி, இடைவெளி போன்றவை சிறுபிழை. ஐம்பதில் பெரும்பிழை இரண்டைத் தாண்டினால் ஆயிரமும் திரும்பிப் போக வேண்டும். திருத்தும் செலவு அவர்களுடையது. இந்த எண்களை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வேலை தொடங்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐம்பதில் பாதியைக் கணினியிலிருந்து எடுத்து அலமாரியில் நூலைத் தேடுங்கள். மீதியை அலமாரியிலிருந்து உருவி எடுத்துக் கணினியில் தேடுங்கள். முதல் வழியில் தவறான பதிவு பிடிபடும்; விட்டுப்போன நூல் இரண்டாம் வழியில்தான் பிடிபடும். பலர் முதல் வழியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

குலுக்கலில் சிக்காத பிழைகளை வரிசைப்படுத்தியே பிடிக்கலாம். ஆண்டு வாரியாக அடுக்கினால் 2035 கடைசியில் வந்து நிற்கும். பதிப்பக வாரியாக அடுக்கினால் ஒரே பதிப்பகம் ஐந்து எழுத்துக்கூட்டலில் வரும். பொருள்தலைப்பு வாரியாக அடுக்கினால் ‘தமிழ் இலக்கியம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் மூவாயிரம் நூல்கள் தெரியும். அது பொருள்தலைப்பே கொடுக்காததற்குச் சமம்.

கொஹா வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வரும் ஆள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுங்கள். பட்டியல் உரிமை மட்டும் போதும், நூல் வழங்கும் உரிமை வேண்டாம். பட்டியல் மாற்றங்களைப் பதியும் லாக் வசதியை முதல் நாளே இயக்குங்கள். எந்தப் பிழையை யார் செய்தார் என்று பிறகு தெரியும். வெளியில் தயாரித்த கோப்பை நேரே ஏற்றாமல், இடைநிலையில் நிறுத்திப் பார்த்துப் பிறகு ஏற்றுங்கள். கெட்டுப்போனால் அந்தத் தொகுதியை மட்டும் பின்வாங்க முடியும். தமிழ் எழுத்து சிதைந்து வந்தால், பதிவின் லீடர் பகுதியில் 9ஆம் இடத்தைப் பாருங்கள். யூனிகோடு என்றால் அங்கே ‘ஏ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். வெற்றிடமாக இருந்தால் மென்பொருள் அதை வேறு குறியீடாக எண்ணிப் படித்துவிடும். சோல் மென்பொருளில் வேலை நடந்தாலும் ஏற்றுமதிக் கோப்பை வாங்கி இதே சோதனையைச் செய்து பாருங்கள்.

ஒப்படைப்பு நாள்

கடைசித் தவணையாக மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது நிறுத்தி வையுங்கள். வேலை முடிந்து மூன்று மாதம், முடிந்தால் ஒரு பருவம் முழுதும் மாணவர்கள் தேடிப் பயன்படுத்தட்டும். வழங்குமிடத்தில் ஒரு நோட்டு வைத்து, நூல் இருந்தும் பட்டியலில் கிடைக்காதவை, பட்டியலில் இருந்தும் அலமாரியில் இல்லாதவை இரண்டையும் உதவியாளரைக் குறித்துவரச் சொல்லுங்கள். சரிபார்ப்பில் சிக்காத பிழைகள் அந்த நோட்டில் சிக்கும்.

நிறுவனத்தின் ஆட்கள் வெளியேறும் அன்றே அவர்களுடைய பயனர் பெயர்களை முடக்கி, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். முழுத் தரவின் நகலைத் தனி வன்தட்டில் வாங்கி, நூலகத்துக்கு வெளியே, முதல்வர் அறையிலோ கல்லூரி அலுவலகத்திலோ ஒரு பிரதி வையுங்கள். பிறகு அந்த நகலை வேறொரு கணினியில், நிறுவனத்தின் உதவியில்லாமல், நீங்களே ஏற்றிப் பாருங்கள். எல்லாப் பதிவுகளும் தமிழ் எழுத்தோடு ஒழுங்காகத் திறக்கும்வரை கடைசிக் காசோலையில் கையெழுத்து வேண்டாம்.